சுமைகூலி முக்கால் பணம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். இங்கே நானும் மகளும் நன்றாகத்தான் இருக்கிறோம். பக்கவாதத்தில் விழுந்த உன் மாமாவுக்கு வலது கால் ஊன்ற வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போகிறார். வலது கைதான் முரண்டு பிடிக்கிறது. பயிற்சி கொடுக்க வருகிற அம்மா, "விட்டுடாதீங்க, தினமும் செஞ்சா ஸ்குரூ டிரைவரே பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து மனுஷன் அந்த ரப்பர் பந்தைக் கீழே வைப்பதில்லை. அழுத்து, விடு, அழுத்து, விடு. பார்க்கிற எனக்கே கை வலிக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஒன்றரை அறை வீடு. நான் போனில் முணுமுணுத்தாலும் அவர் காதில் விழும். நான் உன்னைத் திட்டினால் அவருக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டில் தங்கி நீ கல்லூரிக்குப் போன காலத்திலிருந்து உனக்கு வக்காலத்து வாங்குவதே அவருக்கு வேலை. அதனால்தான் எழுதித் திட்டுகிறேன்.

இன்டர்நெட் ஏலத்தில் முதல் தையல் மிஷின் நூற்று நாற்பது ரூபாய்க்குப் போனதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாய். ஏண்டா, என் செருப்பே நூற்றைம்பதுடா! பட்டறையிலிருந்த இருபத்திரண்டு மிஷினையும் வந்து படம் பிடித்துக்கொண்டு போனாயே, அதில் இந்தக் கருப்பு மிஷினுக்காக அவர் பட்ட பாடு உனக்குத் தெரியும். காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, பல்லு மாற்றி, ஷட்டில் மாற்றி, தோலையே தைக்கிற மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அதற்கு ஆரம்ப விலை ஒன்று என்று போட்டாயாமே? ஒன்று! கையேந்துகிறவன்கூட ஒன்று போட்டால் முறைத்துப் பார்ப்பான். ஏலம் என்றால் கீழே ஆரம்பித்து மேலே போகும் என்றாய். இது கீழேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டதே!

பெட்டி கட்டுகிறவள் நான். சக்கரம் உடையாமல் தெர்மகோல் வைத்து, டேப் சுற்றி, பன்னிரண்டு கிலோ இரும்பைத் தள்ளுவண்டியில் பார்சல் ஆபீஸுக்குக் கொண்டுபோகிறவளும் நான்தான். கொஞ்சம் யோசித்து விலை வை.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமா நடக்கிறார் என்று படித்தபோது மனசு நிறைந்தது. மகளுக்கு என் முத்தம்.

உன் கடிதம் சூடாக இருந்தது, ஊதி ஊதித்தான் படித்தேன்! கோபப்படாதே. ஏலம் ஒரு மனசு விளையாட்டு. ஆயிரம் என்று ஆரம்பித்தால் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். ஒன்று என்று ஆரம்பித்தால் பத்துப் பேர் முட்டி மோதுவார்கள். எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள். இது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், உனக்கு எதற்கு அந்தத் தலைவலி?

பார்சல் சார்ஜ் தனி, அது வாங்குகிறவர் தலையில். நீ கையிலிருந்து கட்டின இருநூற்றுத் தொண்ணூறை உடனே அனுப்பிவிட்டேனா இல்லையா? டேப்புக்கும் பெட்டிக்கும்கூடச் சேர்த்துத்தான் அனுப்பினேன். மிஷின் விலையில் பாதி உனக்கு, பாதி எனக்கு. பேசினபடி எழுபதும் வந்திருக்கும்.

அடுத்த மூன்று மிஷினுக்கு விலாசச் சீட்டு அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். பெட்டிமேல் ஒட்டு. நான் வேறு வீட்டுக்கு மாறிவிட்டேன், மாடி வீடு, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? புது வீடு பிடித்திருக்கிறதா? இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

மூன்று மிஷினும் போய்ச் சேர்ந்தன. நூற்றுப் பத்து, தொண்ணூற்றைந்து, நூற்று முப்பது. இதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வைத்துக்கொள்ளவில்லை. "என்ன விலைக்குப் போச்சு, சொல்லு, சொல்லு" என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்டார். சொன்னேன்.

இடது கை விரலை மடக்கி மடக்கிக் கூட்டினார். அப்புறம், "நாலையும் சேர்த்தா ஐநூறு தேறல" என்றார். நான் ஏலம், மனசு விளையாட்டு என்று நீ எழுதினதையெல்லாம் ஒப்பித்தேன். "விடு. உலகத்துல எல்லாரும் பார்க்கிற எடத்துல வெச்சும் இதுதான் விலைன்னா, அதுதான் என் வேலைக்கு விலை. இத்தனை வருஷமா எனக்குத்தான் தெரியல" என்றார். பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். மகள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் உருட்டிவிட்டார்.

அன்றிலிருந்து பயிற்சி இல்லை. அந்த அம்மா வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். "கையைச் சரி பண்ணி என்ன செய்யப் போறேன்? தொண்ணூத்தஞ்சுக்கு இன்னொரு மிஷின் பண்ணவா?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்லட்டும்? விட்டால் விரல் இறுகிவிடும், அப்புறம் சாமியே வந்தாலும் நிமிர்த்த முடியாது என்று அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டிவிட்டுப் போனார்.

எனக்கு உன் மேல்தான் ஆத்திரம். மூளை இருக்கிறவன்தானே நீ? எண்ணூறுக்குக் கீழே எந்த மிஷினையும் விடாதே. போகாவிட்டால் பட்டறையிலேயே கிடக்கட்டும். உடனே பதில் போடு.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. வேலை கழுத்தை நெரிக்கிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

எண்ணூறு என்று வைத்துப் பார்த்தேன், ஈ எறும்புகூட வரவில்லை. சந்தை அப்படி, நான் என்ன செய்ய? அது பழைய இரும்பு அக்கா. கிலோ கணக்கில் போட்டால் இதுகூட வராது. மாமாவிடம் விலையை ஏன் சொல்கிறாய்? ஆயிரத்துக்குப் போச்சு என்று ஒரு பொய் சொன்னால் என்ன, வாய் வெந்துவிடுமா?

அடுத்த நாலுக்குச் சீட்டு வைத்திருக்கிறேன். சீக்கிரம் அனுப்பு, தாமதமானால் ஏலக் கம்பெனியில் என் கணக்குக்குக் கெட்ட பெயர் வரும்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரு அம்மா இறங்கினார். ஆளைப் பார்த்தால் மளிகைக் கடை முதலாளியம்மா மாதிரி, கையெல்லாம் ஊசி குத்தின தழும்பு. தோல் பை தைத்து விற்கிறாராம். அந்தக் கருப்பு மிஷினை ஏலத்தில் எடுத்தவர் இவர்தான். பெட்டிமேல் என் விலாசத்தைப் பார்த்து நேராக வந்துவிட்டார்.

"தங்கமான மிஷின்மா. நாலு மடிப்புத் தோலை வெண்ணெய் மாதிரி தைக்குது. யாரு கை வெச்சது? இன்னும் ரெண்டு வேணும் எனக்கு. ஆனா இந்தத் தடவை நானே வேன்ல தூக்கிட்டுப் போறேன். உங்க பார்சல் சார்ஜ் எனக்குக் கட்டுப்படி ஆகாது" என்றார்.

இருநூற்றுத் தொண்ணூறு கட்டுப்படி ஆகாதா, வேனுக்கு எரிபொருளே அதற்கு மேல் ஆகுமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதையே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க? மிஷினுக்கு நூத்தி நாப்பது. பார்சலுக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பது கட்டியிருக்கேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க! என் வீட்டுக்காரர் இன்னும் கிண்டல் பண்றாரு. மொத்தமா ரெண்டாயிரம் ஆனாலும் இந்த மிஷினுக்குத் தகும்னுதான் எடுத்தேன்."

நல்லவேளை, பின்பக்கப் பட்டறையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். உன் மாமா காதுக்கு எட்டவில்லை. எங்கே, காட்டுங்கள் என்றேன். பணம் கட்டின விவரத்தை அவர் போனில் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

இரண்டு மிஷினை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் விலை எதுவும் சொல்லவில்லை.

பார்சல் ஆபீஸில் நான் கட்டியது இருநூற்றுத் தொண்ணூறு. அந்த அம்மா கட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. நடுவில் இருப்பது எங்கே? ஏதாவது தப்பு நடந்திருக்கும், அந்த ஏலக் கம்பெனிக்காரன் பிடித்திருப்பான், நீயே எழுதிவிடு. நான் நம்பத் தயாராக இருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடாதே, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற தபாலில்தான் போட்டேன். நீ வாங்கிக்கொண்ட சீட்டு என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

போனிலும் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்னால் பேச முடியாது, அது உனக்குத் தெரியும், அந்தத் தைரியம்தானே?

நீ சீட்டு அனுப்பின நாலு மிஷினையும் அனுப்பவில்லை. அனுப்பப் போவதும் இல்லை. உன் கணக்குக்குக் கெட்ட பெயர் வரட்டும்.

அக்கா


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

நீ நினைப்பது போல இதில் திருட்டு எதுவும் இல்லை. கம்பெனி, மிஷின் விலையில்தான் கமிஷன் பிடிக்கும். பார்சல் சார்ஜில் பிடிக்காது. அதனால் விலையை அடியில் வைத்துச் சார்ஜை ஏற்றி வைப்பது வழக்கம். நானா கண்டுபிடித்தேன்? விற்கிறவர்கள் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள். வாங்குகிறவருக்கும் மொத்தத் தொகை முன்னாடியே தெரியும். யாரையும் ஏமாற்றவில்லை.

நாம் பேசிக்கொண்டது என்ன? மிஷின் விலையில் பாதிப் பாதி. பார்சலுக்கு நீ கட்டினதை நான் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். சார்ஜில் மிச்சம் வந்தால் யாருக்கு என்று நாம் பேசவே இல்லையே. படம் பிடிப்பது, எழுதிப் போடுவது, வாங்குகிறவர் கேட்கிற நூறு கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் என் உழைப்பு. அதை நீ ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை.

நிதானமாக யோசி.

தம்பி


ஏப்ரல் 18

சுகம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

உன் கடிதத்தைப் பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்துவிட்டு, கையில் கிடைத்த எண்ணெய்க் குப்பியைச் சுவரில் அடித்து உடைத்தேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து, "என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார். பூனை என்றேன்.

பேசவில்லையாம்! ஆமாண்டா, பேசவில்லை. நீ எங்கள் வீட்டில் சாப்பிட்ட சோற்றுக்கும் பேசவில்லை. உன் காலேஜ் கட்டணத்துக்காக அவர் ராத்திரி பகல் பார்க்காமல் மிஷின் பிரித்தபோதும் எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தவனிடம் வரி வரியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, நான் முட்டாள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறவனை ஊரில் பார்த்திருக்கிறேன். என் அம்மா வயிற்றிலேயே ஒருத்தன் இருந்திருக்கிறான்.

பணம் போகட்டும். பணத்துக்காக நான் இவ்வளவு கத்த மாட்டேன். நீ செய்தது என்ன என்று உனக்கே இன்னும் புரியவில்லை. ஒரு மனுஷன் படுத்த படுக்கையிலிருந்து எழுந்துகொண்டிருந்தான். உன் வேலைக்கு மதிப்பே இல்லை என்று நீ விலைச் சீட்டு ஒட்டி அனுப்பினாய். நான் அதை என் வாயால் படித்துக் காட்டினேன். அவர் அதை நம்பினார். அவர் வேலைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கொடுக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். அவர் பயிற்சியை விட்டுவிட்டார் என்று நான் எழுதினேன். அதையும் படித்தாய். படித்துவிட்டு, "பழைய இரும்பு" என்று பதில் எழுதினாயே, உனக்குக் கை கூசவில்லையா?

இப்போது நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். உண்மையைச் சொன்னால், பிள்ளை மாதிரி வளர்த்தவன் இப்படிச் செய்தான் என்று இடிந்துபோவார். மறுபடி மூளையில் ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாவிட்டால், தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொண்டே கிடப்பார். கை மரக்கட்டை ஆகிவிடும். இரண்டில் எது குறைந்த பாவம் என்று நீயே சொல்லு, நீதானே படித்தவன்.

அக்கா என்று கையெழுத்துப் போட மனசில்லை.


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலில் விழுந்து கேட்கிறேன், மாமாவிடம் சொல்லாதே. அவர் உடம்புக்கு ஆகாது, நீயே எழுதியிருக்கிறாய். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இதோடு ஒரு காசோலை வைத்திருக்கிறேன். சார்ஜில் வந்த மிச்சத்தில் பாதி. மீதியைப் பிறகு பார்ப்போம், வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டதால் கையில் இல்லை. இனிமேல் எல்லாவற்றிலும் சரிபாதி, எழுத்தில் வேண்டுமானாலும் தருகிறேன். விலை நன்றாக ஏறிவிட்டது, சந்தை மாறிவிட்டது என்று மாமாவிடம் சொல்லு. அவரும் சந்தோஷப்படுவார், நமக்குள்ளேயும் முடிந்துவிடும்.

உனக்கு நான் ஒரே தம்பி அக்கா.

தம்பி


மே 20

கையெழுத்து யாருடையது என்று குழம்ப வேண்டாம். இடது கையால் நான்தான் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருந்தாலும் என் கை. உன் அக்கா எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உன் கடிதங்களையும் படித்துக் காட்டினாள். அழுதுகொண்டே படித்தாள். நான் சிரித்தேன். எனக்கு மறுபடி மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவர ஓடினாள் பாவம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கருப்பு மிஷினுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்களே என்றுதான் சிரித்தேன். எனக்கு அது போதும். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்தபோதுதான் கோபம் வந்தது. இன்னும் இறங்கவில்லை.

உன்னைப் படிக்க வைத்ததை நான் சொல்லிக்காட்ட மாட்டேன். அது நான் ஆசைப்பட்டுச் செய்தது, அதற்கு வரவு செலவு கிடையாது. நான் இடிந்துபோவேன் என்று நீங்கள் அக்காவும் தம்பியும் எனக்காகப் பயந்திருக்கிறீர்கள். நான் இடிந்து கிடந்தது அதற்கு முன்னால். தொண்ணூற்றைந்து, நூற்றுப் பத்து என்று அவள் சொல்லச் சொல்ல, இத்தனை வருஷம் குப்பையைத் துடைத்து அடுக்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நீ அங்கே மாடியில் காற்று வாங்கிக்கொண்டு இருந்தாய்.

பயிற்சி கொடுக்கிற அம்மா திரும்ப வருகிறார். நாலு விரல் மெதுவாக வருகிறது. கட்டைவிரல் இறுகிவிட்டது. அது இனி வராது, நடுவில் விடாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கட்டைவிரல் இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாது. திருகாணி பிடிக்க முடியாது. ஒரு பையனை வைத்துக்கொண்டு வாயால்தான் வேலை செய்ய வேண்டும்.

உன் காசோலையைத் திருப்பி அனுப்பவில்லை. அது எங்கள் பணம். மீதிப் பாதியும் எங்கள் பணம், அனுப்பு. அப்புறம் என் கட்டைவிரலுக்கு ஒரு விலை வை. நீதான் விலை வைப்பதில் கெட்டிக்காரன் ஆயிற்றே. ஆரம்ப விலை என்ன போடுவாய்? ஒன்றா? பார்சல் சார்ஜ் எவ்வளவு?

பை தைக்கிற அம்மா நேற்று வந்தார். நாற்காலியைப் பட்டறைக்குத் தூக்கிப் போடச் சொல்லி, நானே உட்கார்ந்து விலை சொன்னேன். இரண்டு மிஷினுக்கும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு. பேரம் பேசிப் பார்த்தார். பத்துக்கூடக் குறைக்கவில்லை. எண்ணி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். மீதியையும் அவரே ஆள் பிடித்துத் தருகிறாராம். உன் ஏலத்தில் இருக்கிற எங்கள் மிஷின் படங்களை எடுத்துவிடு.

உன் அக்கா உனக்கு எப்போதாவது எழுதுவாளோ என்னவோ, அது அவள் இஷ்டம். எனக்கு எழுதுவதாக இருந்தால் உறவு சொல்லி எழுதாதே.

இப்படிக்கு,
தையல் மிஷின் மெக்கானிக்